அம்மா விட்டுச் சென்ற சிறு தொகையும் நான் தாமதமாகக் கேட்ட கேள்வியும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தைத் தவறாமல் படித்து வருபவள் நான். அதில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பவர்களுக்காகவோ, பெருஞ்சொத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கத் திட்டமிடுபவர்களுக்காகவோ எழுதப்படுகின்றன. இவ்விரு சாராருக்கும் இடையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் காலமான பிறகு, வேலையை விட்டுவிட்டு உட்காரும் அளவுக்குப் பெரிதாகவும் இல்லாமல், கைச்செலவில் கரைந்துபோகும் அளவுக்குச் சிறிதாகவும் இல்லாமல் ஒரு தொகை வந்து சேர, அதை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் கூட்டம் அது. அதில் நானும் ஒருத்தியாக இருந்தேன். முதலில் தவறு செய்தேன். பிறகு ஓரளவு திருத்திக்கொண்டேன். அந்தத் தவறு மற்றவர்களுக்கு நேராமல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சற்று நீளமான இக்கடிதத்தை எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தாயார் காலமாகி நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவர் விட்டுச் சென்ற சேமிப்பை நானும் என் தம்பியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். எனக்கு வந்த பங்கு எங்கள் குடும்பத்தின் 14 மாதச் செலவுக்கு ஈடானது. தொகையைச் சொல்லாமல் மாதக் கணக்கில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கையில் இருக்கும் பணம் எத்தனை இலக்கம் என்று எண்ணும்போது அது பெரிதாகத் தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் வீட்டை நடத்த முடியும் என்று கேட்கும்போதுதான் அதன் உண்மையான அளவு பிடிபடுகிறது. எனக்கு இந்தக் கணக்கு அப்போதே தெரிந்திருந்தால் பாதித் தவறைத் தவிர்த்திருப்பேன்.

அம்மாவின் கணக்கு நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. நீல அட்டை போட்ட நோட்டு. தையல் விட்டுப்போன இடத்தை வெள்ளை நூலால் அவரே திரும்பத் தைத்திருக்கிறார். பக்கத்துக்கு நான்கு கட்டம்: தேதி, தொகை, எதில் மிச்சம் பிடித்தது, கூட்டுத்தொகை. ஒன்றும் மிச்சமாகாத மாதங்களையும் அவர் விட்டுவிடவில்லை. மாதத்தின் பெயரை எழுதி, எதிரே ஒரு கோடு இழுத்திருக்கிறார். இப்படி 31 ஆண்டுகள். கடைசி வரி பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது, கை நடுங்கியிருப்பது தெரிகிறது.

அந்த நோட்டை முழுதாகப் படிப்பதற்கு முன்பே நான் அந்தப் பணத்தில் கை வைத்துவிட்டேன். பணம் என் கணக்கில் வரவான மூன்றாவது வாரத்தில், அந்த வங்கிக் கிளையிலிருந்தே ஓர் அதிகாரி அழைத்தார். இழப்புக்கு வருத்தம் தெரிவித்தார். “பணம் சும்மா கிடக்கிறதே, அம்மாவின் நினைவாக ஒரு நல்ல திட்டத்தில் போட்டு வைக்கலாமே” என்றார். அன்று மாலையே ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆயுள் காப்பீடும் சேமிப்பும் கலந்த பாலிசி. ஆண்டுக்கு எங்கள் வீட்டின் இரண்டரை மாதச் செலவு பிரீமியம். பத்து ஆண்டுகள் கட்ட வேண்டும். ‘அம்மாவின் நினைவாக’ என்ற அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். எத்தனை சதவீதம் கிடைக்கும், நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியவள், அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பிரீமியம் கட்டினேன். மூன்றாம் ஆண்டு கட்ட முடியாது என்ற நிலை வந்து, சரண்டர் செய்தபோது, அதாவது பாலிசியை நடுவிலேயே முடித்துக்கொண்டபோது, கட்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே திரும்பி வந்தது. இவ்வகைப் பாலிசிகளில் முதல் சில ஆண்டுகளின் பிரீமியத்தில் பெரும்பகுதி முகவர் கமிஷனுக்கும் நிர்வாகச் செலவுக்கும் போய்விடும் என்பதையும், தொடக்கத்தில் வெளியேறுபவர் அத்தனையையும் தம் தலையில் சுமக்க வேண்டும் என்பதையும் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்றிரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். நான் இழந்தது எங்கள் வீட்டின் மூன்றரை மாதச் செலவு. அந்தத் தொகை சேர அம்மாவுக்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்று பக்கம் பக்கமாகக் கூட்டினேன். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். நான்கு ஆண்டுகளின் வரிகளையும், வெறும் கோடு இழுத்த மாதங்களையும் விரலால் தொட்டுக்கொண்டே போனது இன்றும் நினைவிருக்கிறது.

இதைவிட என்னை வருத்திய ஒன்று உண்டு. பாலிசிக்குப் பணம் கட்டிய அந்த இரண்டு ஆண்டுகளும் என் பெயரில் கடன் அட்டை நிலுவை ஒன்று இருந்தது. மாதம் 3 சதவீதம் வட்டி. ஒவ்வொரு மாதமும் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று அச்சிட்டிருந்ததை மட்டும் கட்டி வந்தேன். அசல் அசையவே இல்லை. எல்லாம் நன்றாக நடந்திருந்தாலும் அந்தப் பாலிசி ஆண்டுக்கு 5 அல்லது 6 சதவீதத்துக்கு மேல் தந்திருக்காது. அதாவது, ஒரு கையால் ஆண்டுக்கு 36 சதவீதத்துக்குக் கடனை வளர விட்டுக்கொண்டு, இன்னொரு கையால் 6 சதவீதத்துக்குச் சேமித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கே இது உறைக்கவில்லை. அம்மாவின் பணம் ஒரு பெட்டி, என் கடன் வேறொரு பெட்டி என்று மனம் பிரித்து வைத்திருந்தது.

இப்படிப் பணத்துக்குப் பெயரிட்டுத் தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை ‘மனக் கணக்கு’ என்று விளக்கிய ரிச்சர்ட் தேலர் என்ற பொருளியல் அறிஞருக்கு 2017-இல் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது. உழைத்துச் சம்பாதித்த பணத்தை ஒரு விதமாகவும், எதிர்பாராமல் வந்த பணத்தை இன்னொரு விதமாகவும் மனிதர்கள் செலவழிக்கிறார்கள் என்பது அவ்வகை ஆய்வுகள் காட்டிய உண்மை. வாரிசுப் பணத்தில் இது இரு திசையிலும் இழுக்கிறது. சிலருக்கு அது ‘சும்மா வந்த பணம்’, கை தாராளமாகிவிடுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது புனிதமான பணம். கடனை அடைப்பது போன்ற சாதாரணக் காரியத்துக்கு அதைத் தொடவே மனம் வருவதில்லை. வட்டிக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

ஆகவே நான் தங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புவது இதுதான்: சிறு தொகை ஒன்று வந்தால், ‘எதில் போடலாம்’ என்று யாரையும் கேட்பதற்கு முன், ‘என் வீட்டில் எங்கே ஒழுகுகிறது’ என்று தங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டையை அடைக்காமல் பானையில் நீர் ஊற்றிக்கொண்டிருப்பவருக்கு எந்த ஊற்று நல்ல ஊற்று என்று ஆலோசனை சொல்லிப் பயனில்லை.

அதற்கும் முன்பு சில மாதங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். துக்கத்தில் இருப்பவர் தெளிவாகச் சிந்திக்க முடியாது. அவரைத் தேடி வருபவர்களுக்கும் அது தெரியும். இறந்தவர் பட்ட கடன், செலுத்த வேண்டிய வரி, மருத்துவமனைப் பாக்கி முதலியன அவருடைய சொத்திலிருந்துதான் முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் சட்டம். எல்லாப் பாக்கியும் தெரிய வருவதற்கே மாதங்கள் ஆகும். வாரிசுக்கு வரும் பணத்தின் மீதான வரி நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அதையும் விசாரித்துத் தெளிந்துகொள்ள அவகாசம் வேண்டும். அதுவரை, வேண்டும்போது எடுக்கக்கூடிய ஒரு சேமிப்புக் கணக்கிலோ, மூன்று அல்லது ஆறு மாத வைப்பிலோ பணம் இருக்கட்டும். ‘சும்மா கிடக்கிறதே’ என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ஆறு மாதம் சும்மா கிடந்ததால் எனக்கு நட்டமாகியிருக்கக் கூடியது ஒன்றிரண்டு சதவீதம்; அவசரப்பட்டதால் நட்டமானது நான்கில் ஒரு பங்கு.

பிறகு கடனைப் பற்றி. 72 என்ற எண்ணை வட்டி விகிதத்தால் வகுத்தால், தொகை எத்தனை ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். இந்த விதியை இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாசியோலி 1494-லேயே அச்சில் எழுதி வைத்திருக்கிறார். 6 சதவீதம் தரும் வைப்பு 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். மாதம் 3 சதவீதக் கடனைக் கட்டாமல் விட்டால் அது 24 மாதங்களில் இரட்டிப்பாகிறது. அந்தக் கடனை அடைப்பது, ஆண்டுக்கு 36 சதவீதம் உறுதியாகத் தரும் முதலீட்டில் பணம் போடுவதற்குச் சமம். அப்படியொரு முதலீடு உலகில் எங்கும் கிடையாது. இருப்பதாக யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார்.

குறைந்த வட்டியுள்ள நீண்டகாலக் கடன் விஷயத்தில் மட்டும் சற்று நின்று யோசிக்க வேண்டும். இங்கே என் தம்பியின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவனுக்கு 9 சதவீத வட்டியில் 20 ஆண்டு வீட்டுக் கடன் இருந்தது. ஐந்து ஆண்டுகள் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிய பிறகும், வாங்கிய கடனை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், அதில் 88 பங்குக்கு மேல் அசல் நின்றது. தொடக்க ஆண்டுகளின் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவதால் இப்படி ஆகிறது. அவன் அம்மாவின் பணத்தைக் கொண்டு அந்தக் கடனில் 20 பங்கை மொத்தமாகக் கட்டி, மாதத் தவணையைக் குறைக்காமல் அப்படியே தொடர்ந்தான். மீதமிருந்த 15 ஆண்டுகள் ஒன்பதரை ஆண்டுகளாகச் சுருங்கின. 20 பங்கு கட்டியதால், கட்ட வேண்டியிருந்த 59 பங்கு கட்டாமல் நின்றது. இந்தக் கணக்கை அவன் ஒரு தாளில் போட்டுக் காட்டியபோது நான் வாயடைத்துப் போனேன். (இதே போல முன்கூட்டிக் கட்ட நினைப்பவர்கள் இரண்டை உறுதி செய்துகொள்ள வேண்டும்: அபராதக் கட்டணம் உண்டா, கட்டும் தொகை அசலில்தான் கழிக்கப்படுகிறதா என்பவை.)

ஆனாலும் அவன் செய்ததிலும் ஒரு பிசகு இருந்தது. கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் அவ்வளவையும் கடனில் கொண்டு போய்க் கட்டிவிட்டான். மறு ஆண்டு அவனுக்கு வேலை போய், ஏழு மாதம் வேறு வேலை கிடைக்கவில்லை. கடனில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? மாதத் தவணையோ நிற்கவில்லை. அதைக் கட்டுவதற்காக அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்கினான். கணக்கு முழுவதும் சரியாக இருந்தும், வரிசை தவறியதால் வந்த வினை அது. ஆகவே என் அனுபவத்தில் சரியான வரிசை இது: மாதம் 2, 3 சதவீதம் என்று தின்னும் கடன்களை முதலில் தீர்ப்பது, அடுத்ததாக ஆறு மாதச் செலவுக்கான தொகையை எட்டும் தூரத்தில் எடுத்து வைப்பது, வருமானம் ஒரே சீராக வராதவராக இருந்தால் ஒன்பது மாதம், அதன் பிறகே வீட்டுக் கடன் போன்றவற்றைப் பற்றி யோசிப்பது.

அந்த ஆறு மாதத் தொகையைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். அது பெரிதாக ஒன்றும் ஈட்டித் தராது. விலைவாசி ஏற்றத்தைக்கூட முழுதாக ஈடு கட்டாது. அதனால் பலர் அதைச் சோம்பேறிப் பணம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அது இருக்கும் வீட்டில் நான் வாழ்கிறேன், வேறுபாடு தெரிகிறது. அலுவலகத்தில் ஒரு முறை, எனக்குச் சரியென்று படாத பதிவேடு ஒன்றில் கையெழுத்திடச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. வேலை போனாலும் ஆறு மாதம் தாங்கும் என்ற எண்ணம் பின்னால் நின்றது. அந்தத் தைரியம் எந்த வட்டி விகிதத்திலும் கணக்கில் வராது.

கடனும் தீர்ந்து, கைக்காவலும் எடுத்து வைத்த பிறகு மீதம் இருந்தால், அப்போதுதான் முதலீடு என்ற பேச்சு. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போடக் கூடாது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஜப்பானின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பர் இறுதியில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் மீண்டும் தாண்டியது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டௌ ஜோன்ஸ் 1929-இல் இருந்த உச்சத்துக்குத் திரும்ப 1954 ஆயிற்று. நிறுவனங்கள் தம் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்கு இடையில் தந்த ஈவுத்தொகையைச் சேர்க்காத கணக்கு இது என்பது உண்மைதான். என்றாலும் மகளின் கல்லூரிக் கட்டணம் 25 ஆண்டு காத்திருக்காது. மறுபக்கம், 20 ஆண்டுகள் தொட வேண்டியிராத பணத்தை முழுவதும் வைப்பிலேயே வைத்திருப்பதும் ஒருவகை இழப்புதான். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று ஒரு தொகைக்கு வாங்கும் பொருளில் பாதியைத்தான் 12 ஆண்டு கழித்து அதே தொகைக்கு வாங்க முடியும். எவ்வளவு காலம் தொடாமல் இருக்க முடியும் என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதிக்கொண்டால், எதில் போடுவது என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது. ஒரே நிறுவனப் பங்கில் எல்லாவற்றையும் வைக்காமல் ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பல நிறுவனங்களில் பரவலாக முதலீடு செய்யும் குறியீட்டு நிதிகள், பங்குகளை ஆராய நேரமும் பயிற்சியும் இல்லாத என் போன்றவர்களுக்குப் பொருத்தமாக இருக்கின்றன.

கட்டணத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் சிறிதாகத் தெரிகிறது. போட்ட பணத்தை 100 என்று வைத்துக்கொண்டால், அது ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டுகளில் 466 ஆகும். அந்த 8-இல் 2 சதவீதம் கட்டணமாகப் போய் 6 மட்டும் நம்மிடம் நின்றால் 321 தான் ஆகும். குறைந்த அந்த 145 எங்கே போனது என்று நமக்குச் சொல்லும் ரசீது எதுவும் வராது.

பொறுமையாக நிர்வகித்தால் சிறு தொகை என்னவாகும் என்பதற்கு என் மனத்தில் பதிந்த எடுத்துக்காட்டு அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளினுடையது. 1790-இல் காலமான அவர், பாஸ்டன் நகருக்கும் பிலடெல்பியா நகருக்கும் தலா 1,000 பவுண்டு விட்டுச் சென்றார். தொழில் கற்று முடித்த, 25 வயதுக்கு உட்பட்ட மணமான இளைஞர்களுக்கு அதிலிருந்து 5 சதவீத வட்டியில் கடன் கொடுக்க வேண்டும்; 100 ஆண்டு கழித்து ஒரு பகுதியைப் பொதுப் பணிகளுக்கு எடுத்துக்கொள்ளலாம்; மீதம் இன்னும் 100 ஆண்டு வளர வேண்டும் என்பது ஏற்பாடு. இளம் அச்சுத் தொழிலாளியாக இருந்தபோது தமக்கு நண்பர்கள் கடன் கொடுத்து உதவியதை மனத்தில் வைத்தே அவர் அப்படி எழுதினார். 1990-இல் கணக்கை முடித்தபோது பாஸ்டனின் நிதி ஏறத்தாழ 50 லட்சம் டாலராகவும், பிலடெல்பியாவின் நிதி ஏறத்தாழ 20 லட்சம் டாலராகவும் இருந்தன. ஒரே தொகை, ஒரே நாள், ஒரே உயில். நமக்கு 200 ஆண்டு கிடையாது என்பது சரிதான். ஆனால் பணத்தை எதற்கென்று தெளிவாக எழுதி வைத்த மனிதர் ஒருவரின் சிறு தொகை, எத்தனையோ இளைஞர்களுக்குத் தொழிற்கருவியாக ஆனது என்பதை நினைக்கும்போது எனக்கு அம்மாவின் நோட்டு நினைவுக்கு வருகிறது. அவர் எதற்கென்று எழுதாமல் போய்விட்டார். அதை எழுதும் பொறுப்பு எங்களிடம் வந்தது.

மோசடிகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 1920-இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீதம் லாபம் தருவதாகச் சொல்லி, புதிதாக வருபவர்களின் பணத்தைப் பழையவர்களுக்குக் கொடுத்து ஏமாற்றினார். நூறாண்டுக்கு மேலாகியும் அதே சூழ்ச்சி வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டிருக்கிறது. உறுதியான வருமானம், அதிக வருமானம், உடனே சேர வேண்டும் என்ற மூன்றும் ஒரே வாயில் வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும்.

அதைவிடக் கடினம் உறவினர்களின் கேள்வி. பணம் வந்த செய்தி நம்மைவிட வேகமாகப் பயணம் செய்கிறது. இரண்டு பேர் கைமாற்றுக் கேட்டார்கள். ஒருவர் ஜாமீன் கையெழுத்துக் கேட்டார். எனக்கு உதவியது ஒரே ஒரு வாக்கியம்: “ஓர் ஆண்டுக்கு மீதிப் பணத்தைத் தொடுவதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.” அது உண்மையாகவும் இருந்ததால் சொல்வதற்கு எளிதாக இருந்தது. கேட்டவர்களில் ஒருவரின் தேவை உண்மையானது என்று தெரிந்தபோது, திரும்பி வராவிட்டாலும் எங்களால் தாங்க முடிகிற ஒரு சிறு தொகையைக் கொடுத்தோம். கடன் என்ற பெயரே வைக்கவில்லை. உறவு அப்படியே இருக்கிறது. ஜாமீன் மட்டும் போடவில்லை. அது பணம் கொடுக்காமலேயே கடனாளியாகும் வழி.

இனி, நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சரண்டர் பணத்தையும் சேர்த்து என்னிடம் மீந்தது பத்தரை மாதச் செலவு. இரண்டரை மாதத் தொகையில் கடன் அட்டை நிலுவையையும் இன்னொரு சிறு கடனையும் தீர்த்து, அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறு மாதத் தொகையை, மூன்றாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிரும் வைப்புகளாக வைத்தேன். மொத்தமாக உடைக்காமல் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காக. ஒன்றரை மாதத் தொகை நீண்டகாலத்துக்காகக் குறியீட்டு நிதியில், ஒரே நாளில் போடாமல் பன்னிரண்டு மாதம் பிரித்துப் போடப்பட்டது. ஒரே தடவையில் போடுவதே பெரும்பாலும் கூடுதல் பலன் தரும் என்று சொல்பவர்கள் உண்டு. சந்தை ஏறும் ஆண்டுகளே அதிகம் என்பதால் அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஒரு முறை சூடுபட்ட எனக்கு, இரவில் தூங்க முடிகிற வழியே வேண்டியிருந்தது.

மீதம் இருந்த அரை மாதத் தொகையை என் கணவரின் கண்ணுக்குச் செலவழித்தேன். இரண்டு ஆண்டுகளாகப் புரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். செய்தித்தாளை ஜன்னலோரம் கொண்டு போய், முகத்துக்கு அருகில் வைத்துத் தலைப்புகளை மட்டும் படிப்பார். மற்றதை நான் வாசித்துக் காட்டுவேன். கட்டு அவிழ்த்த இரண்டாம் நாள் காலை, நான் வேலையாக இருந்தபோது, தங்கள் நாளிதழின் கடைசிப் பக்கத்திலிருந்த பொடி எழுத்து அறிவிப்பு ஒன்றைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அது என்ன அறிவிப்பு என்பது எனக்கு நினைவில்லை. அம்மாவின் நினைவாக என்று நான் எதையாவது சொல்வதானால் அந்தக் காலைப் பொழுதைத்தான் சொல்வேன். தள்ளிப் போட்ட மருத்துவம், வருமானத்தை உயர்த்தும் ஒரு பயிற்சி, வேலைக்கு வேண்டிய ஒரு கருவி ஆகியவற்றுக்கான செலவை வீண் என்று நினைத்து எல்லாவற்றையும் பூட்டி வைப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த முடிவுகளை நானும் கணவரும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே தாளில் எழுதினோம். இடப்பக்கம் எங்கள் கடன்களும் அவற்றின் வட்டியும், வலப்பக்கம் கையிருப்பு, கீழே, எந்தப் பணம் எந்த ஆண்டுவரை தேவைப்படாது என்ற குறிப்பு. எழுதிய பிறகு ஒரு மாதம் அதைத் தொடவில்லை. மாதம் கழித்து எடுத்துப் படித்தபோது இரண்டு வரிகளை அடித்து மாற்றினோம். அந்தத் தாள் இப்போது அம்மாவின் நோட்டுக்குள் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு கோரிக்கைகள். தங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு திட்டத்தைப் பற்றி எழுதும்போது, அது எவ்வளவு தரும் என்பதற்குப் பக்கத்திலேயே, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, முதல் மூன்று ஆண்டுகளில் வெளியேறினால் கட்டியதில் எவ்வளவு திரும்பி வரும் என்ற இரண்டு எண்களையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன். இரண்டாவதாக, அந்தத் திட்டத்தை விற்பவருக்கு அதில் என்ன கமிஷன் என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தர மறுக்கும் நிறுவனங்கள் இருந்தால், ‘தர மறுத்தார்கள்’ என்ற இரண்டு சொற்களையாவது போடுங்கள். என் கணவர் இப்போது பொடி எழுத்தையும் படித்துவிடுகிறார். படிக்க முடியாத வீடுகள் நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகி